இரவு வேலைத்தள வெளிச்சத்துக்கு வாற் கணக்கு மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ். குடாநாட்டில் இரவு வேளைகளில் நடைபெறும் வீதி வேலைகளுக்கு வாடகைக்கு எடுக்கப்படும் வெளிச்சக் கோபுரங்களை எல்.ஈ.டி. விளக்குகளுக்கு மாற்றிவிட்டால் டீசல் செலவு நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்று வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். அவருடைய நோக்கத்தோடு எனக்குப் பிணக்கில்லை. ஆயினும், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வீதி, மதகு, கட்டட வேலைத்தளங்களில் மின்பகுதியைப் பார்த்தவன் என்ற முறையில், அந்த மாற்றம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதிலேயே இலாபமும் நட்டமும் தங்கியிருக்கின்றன என்பதைச் சொல்ல விரும்புகிறேன். வாடகைக்கு எடுப்பவர் "எத்தனை வாற்?" என்று கேட்கிறார்; கொடுப்பவர் அதற்கு மட்டும் பதில் சொல்கிறார். வேலை செய்பவனுடைய கைக்கும் காலுக்கும் அருகில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது, அதற்கு எவ்வளவு டீசல் எரிகிறது என்பதை இருவருமே பேசுவதில்லை.

வேலைத்தளத்தில் நாங்கள் "லைற் ரவர்" என்று சொல்லும் பொருள் பலருக்கும் பழக்கமானதுதான். இரண்டு சில்லுகள் பூட்டிய பெட்டி, அதற்குள் 6 முதல் 8 கிலோவாற் வரை தரக்கூடிய டீசல் மின்பிறப்பாக்கி, மேலே ஏறத்தாழ 9 மீற்றர் உயரத்துக்கு நீளும் தூண், தூணின் உச்சியில் நான்கு விளக்குகள். அந்த நான்கும் நெடுங்காலமாக, குமிழுக்குள் இருக்கும் வாயுவை ஒளிரவைக்கும் 1000 வாற் மெற்றல் ஹலைட் விளக்குகளாகவே இருந்து வந்தன. அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முன் நாங்கள் தாங்குகாலில் பூட்டிப் பயன்படுத்திய ஹலஜன் விளக்கு ஒரு வாற்றுக்கு 20 லூமென் (விளக்கிலிருந்து புறப்படும் ஒளியின் அளவு) அளவே தரும். மிகுதியெல்லாம் சூடாகப் போய்விடும். சூடேறிய கண்ணாடியில் ஒரு மழைத்துளி பட்டால் வெடிக்கும். குமிழை வெறும் விரலால் தொட்டுப் பூட்டினால் விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடத்திலேயே பழுதாகும். அதனோடு ஒப்பிட்டால், ஒரு குமிழிலிருந்தே ஓர் இலட்சம் லூமென் அளவுக்கு வெள்ளை வெளிச்சம் தந்த மெற்றல் ஹலைட் எங்களுக்குப் பெரிய வரமாகவே இருந்தது. இடைப்பட்ட காலத்தில் சில தளங்களுக்கு வந்த மஞ்சள் நிறச் சோடியம் விளக்கு டீசலை மிச்சப்படுத்தியது உண்மைதான். ஆனால் அந்த ஒளியில் பழைய சிவப்பு வயரையும் புதிய மண்ணிற வயரையும் பிரித்தறிய முடியாது. நிறத்தைக் காட்டும் திறன் நூற்றுக்கு 20, 25 என்ற அளவில் உள்ள விளக்கின் கீழ் மின் இணைப்பு வேலை செய்ய நான் ஒருபோதும் சம்மதித்ததில்லை.

மெற்றல் ஹலைட்டின் பெரிய குறை, அது அணைந்த பிறகுதான் தெரியவரும். கடலேரியோரம் ஒரு மதகுக்கு இரவில் கொங்கிறீற் போட்டுக்கொண்டிருந்தபோது, எரிபொருள் வடிகட்டியில் தண்ணீர் சேர்ந்து இயந்திரம் இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றது. வடிகட்டியைத் திறந்து தண்ணீரை வடித்து ஒரு சில நிமிடங்களில் இயந்திரத்தை மறுபடி இயக்கிவிட்டோம், விளக்குகள் எரியவில்லை. கெட்டுப்போய்விட்டன என்று நினைத்து உதவியாளர் ஒருவர் பியூசைக் கழற்றப் போனார். கெடவில்லை, சூடேறிய குமிழுக்குள் வாயு அழுத்தம் இறங்கும் வரை அந்த விளக்கை மறுபடி மூட்ட முடியாது என்பது அதன் இயல்பு. என் கைக்கடிகாரப்படி 17 நிமிடங்கள் கழித்துத்தான் முதலாவது விளக்கு ஊதா நிறத்தில் மெல்ல விழித்தது. அது முழு வெளிச்சத்துக்கு வர மேலும் சில நிமிடங்கள் சென்றன. கொங்கிறீற்றுக்கு அந்த நேரம் பெரிதல்ல. ஆனால் கலவை லொறியின் முன்விளக்கிலும் கைத்தொலைபேசி வெளிச்சத்திலும் நின்று வேலை பார்த்த மேசன் ஒருவருடைய கெண்டைக்காலை, நிமிர்ந்து நின்ற கம்பி முனை ஒன்று கிழித்துவிட்டது. எல்.ஈ.டி. விளக்காக இருந்திருந்தால், இயந்திரம் இயங்கிய அதே நொடியில் வெளிச்சம் வந்திருக்கும்.

இதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளமும் திட்டியுமான வீதியில் பெட்டியை இழுத்துச் செல்லும்போது மெற்றல் ஹலைட் குமிழின் வெளிக் கண்ணாடி உடைந்துவிடுவதுண்டு. உள்ளே இருக்கும் சிறிய குழாய் உடையாமல் இருந்தால் விளக்கு தொடர்ந்தும் எரியும். அதனால் பலர் அதைக் கழற்றுவதில்லை. வெளிக் கண்ணாடி தடுத்து வைத்திருந்த புறஊதாக் கதிர் அப்போது நேரே கீழே இறங்குகிறது. அத்தகைய விளக்கின் கீழ் ஒரு இரவு நின்றவர்கள், வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தவர்களைப் போல மறுநாள் கண் சிவந்து நீர் வடிய வந்ததை நான் கண்டிருக்கிறேன். எந்த வாடகைப் பத்திரத்திலும் இது பற்றி ஒரு வரி எழுதப்பட்டிருந்ததை நான் பார்த்ததில்லை.

ஆகவே எல்.ஈ.டி. தான் நல்லது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஒரு வாற்றுக்கு 100 முதல் 150 லூமென் வரை தருகிறது, குலுக்கலைத் தாங்குகிறது, வேண்டியபோது குறைத்து வைக்கலாம், பாதரசம் கிடையாது. ஆனால் இங்கே மாற்றம் எப்படி நடக்கிறதென்றால், பழைய பெட்டியின் நான்கு மெற்றல் ஹலைட் விளக்குகளையும் அவற்றின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக்குகளையும் கழற்றிவிட்டு, அதே தூணில் நான்கு 300 வாற் எல்.ஈ.டி. விளக்குகளைப் பூட்டுகிறார்கள். கீழே இருக்கும் 8 கிலோவாற் இயந்திரம் அப்படியே இருக்கிறது. மொத்தச் சுமை 1200 வாற். அதாவது இயந்திரத்தின் கொள்ளளவில் நூற்றுக்கு 15. டீசல் இயந்திரத்தை நூற்றுக்கு முப்பதுக்கும் குறைந்த சுமையில் இரவு முழுவதும் ஓட விட்டால் உள்ளே போதிய சூடு ஏறாது. டீசல் முழுவதும் எரியாமல் கரியோடும் எண்ணெயோடும் கலந்து புகைக்குழாயில் படியும். அப்படி மாற்றப்பட்ட பெட்டி ஒன்று சில மாதங்களின் பின் என்னிடம் வந்தபோது, சைலன்சர் மூட்டிலிருந்து கறுத்த கசடு சொட்டுச் சொட்டாக வடிந்து, சில்லின் மட்காட்டில் தார் பூசியது போல உறைந்து கிடந்தது. இயந்திரம் தேய்ந்துவிட்டது என்று உரிமையாளர் நினைத்தார். உண்மையில் அது வேலையில்லாமல் கெட்டுப்போயிருந்தது.

சேமிப்பும் அந்த வாசகர் எழுதிய அளவுக்கு இருப்பதில்லை. என் குறிப்புப் புத்தகத்தில் உள்ள கணக்கின்படி, நான்கு மெற்றல் ஹலைட் விளக்குகளோடு மணிக்கு 2 லீற்றருக்குச் சற்று மேலாகக் குடித்த பெட்டி, விளக்குகளை மட்டும் மாற்றிய பின் மணிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் லீற்றர் குடித்தது. பெரிய இயந்திரம் சும்மா சுற்றுவதற்கே ஒரு பங்கு டீசல் போய்விடுகிறது. சுமைக்கு ஏற்ற சிறிய இயந்திரம் பூட்டிய எல்.ஈ.டி. கோபுரமோ அரை லீற்றரைச் சற்றுத் தாண்டியது. நாலில் ஒன்று என்ற கணக்கு இந்த மூன்றாவது வகைக்கே ஓரளவு பொருந்தும். 2022 இல் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும், யூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் 460 ரூபாவாக உயர்ந்ததையும் மறக்காத எவருக்கும் இந்த வித்தியாசம் சிறியதாகத் தெரியாது.

வெளிச்சத்தின் அளவைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். நான்கு 1000 வாற் மெற்றல் ஹலைட் குமிழ்கள் புதிதாக இருக்கும்போது நான்கு இலட்சம் லூமென் தரும். நான்கு 300 வாற் எல்.ஈ.டி. விளக்குகள் கூடிப்போனால் ஒன்றேமுக்கால் இலட்சத்தைச் சற்றுத் தாண்டும். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, எல்.ஈ.டி. போதாது என்று வாதாடும் ஒப்பந்தகாரர்கள் இருக்கிறார்கள். சமமானது என்று சத்தியம் செய்யும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். மெற்றல் ஹலைட் குமிழ் எல்லாத் திசைகளிலும் ஒளியைச் சிதறுகிறது. பிரதிபலிப்பான் அதைத் திரட்டிக் கீழே அனுப்புவதற்குள் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சில ஆயிரம் மணித்தியாலங்கள் எரிந்த குமிழின் ஒளியும் மங்கிப்போகும். எல்.ஈ.டி. முன்னோக்கியே ஒளி வீசுவதால் அந்த இழப்பு மிகக் குறைவு. ஆகவே பழசாகிப்போன மெற்றல் ஹலைட் கோபுரத்துக்கு 1200 வாற் எல்.ஈ.டி. கோபுரம் ஏறக்குறைய ஈடாகும். புதிய குமிழ்கள் பூட்டிய கோபுரத்துக்கு ஈடாகாது. இதைக் காகிதத்தில் முடிவு செய்யத் தேவையில்லை. ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் லக்ஸ் மானி ஒன்றை நிலத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெளிப்புற வேலைத்தளங்களுக்கான ஐரோப்பிய நியமமான இ.என். 12464-2, மண் வெட்டி ஏற்றும் வேலைக்கு 20 லக்ஸ், வடிகால் குழாய் பதித்தல் போன்ற பொதுக் கட்டுமான வேலைக்கு 50, பலகை அடித்தல், கம்பி கட்டுதல், கேபிள் போடுதல் ஆகியவற்றுக்கு 100, நுணுக்கமான மின், இயந்திரப் பொருத்து வேலைகளுக்கு 200 என்று வகுத்திருக்கிறது. அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதியும் பொதுக் கட்டுமானத் தளத்துக்கு ஏறத்தாழ 54 லக்ஸ் கேட்கிறது. பூரணை நிலவின் வெளிச்சம் கால் லக்ஸ் அளவுதான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்கள் விளங்கும். 1990 இல் இங்கே மின்சாரம் நின்றுபோன பின், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் சுற்றிய திரியைக் கொளுத்திப் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஒரு துளி எண்ணெய்க்கு எத்தனை பக்கம் படிக்கலாம் என்று அன்றைக்கு எங்கள் வீட்டில் கணக்கிருந்தது. இன்றைக்கு இலட்சக் கணக்கில் பணம் கொடுத்து எடுக்கும் கோபுரத்துக்கு அந்தக் கணக்கு இல்லை.

அடுத்தது கண் கூசுதல். எல்.ஈ.டி. விளக்கின் ஒளி சிறிய பரப்பிலிருந்து புறப்படுவதால் அதை நேரே பார்ப்பவருக்கு மெற்றல் ஹலைட்டிலும் கூடுதலாகக் கண் கூசும். ஓர் இரவு, காப்பெற் (தார்க்கலவை) போடும் வேலை நடந்த வீதியோரத்தில் கோபுரத்தை நிறுத்தி, "தூரத்துக்கு அடிக்கட்டும்" என்று விளக்குகளைக் கிடையாகத் திருப்பி வைத்திருந்தார்கள். தூணும் பாதி உயரத்துக்கே ஏற்றப்பட்டிருந்தது. எதிரே வந்த ஆட்டோ ஒன்று சிவப்புக் கூம்புகளுக்கு ஒரு முழம் முன்னால் கிரீச்சிட்டு நின்றது. இறங்கி வந்த சாரதி கண்ணைக் கசக்கியபடி, "அண்ணை, ஒண்டும் தெரியேல்லை. வெள்ளைச் சுவர் எழும்பி நிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். அவர் நின்ற இடத்தில் நானும் போய் நின்று பார்த்தேன். ஒளிரும் அங்கி அணிந்து கோபுரத்தின் அருகில் நின்ற எங்கள் ஆள் எனக்கும் தெரியவில்லை. 17 ஆம் நம்பர் சாவியால் விளக்குகளின் கழுத்தைத் தளர்த்திக் கீழ்நோக்கிச் சாய்த்து, தூணை முழு உயரத்துக்கு ஏற்றி, பெட்டியை வாகனங்கள் வரும் திசைக்குப் பக்கவாட்டில் திருப்பி வைக்க எங்களுக்குப் பத்து நிமிடங்கள்கூடச் செல்லவில்லை. ஒரு பெரிய கோபுரத்துக்குப் பதில் இரண்டு சிறிய கோபுரங்களை எதிரெதிராக நிறுத்தினால், குழிக்குள் குனிந்து நிற்பவனுடைய நிழலே அவனுடைய வேலையை மறைப்பதும் நீங்கும். துணிப் பலூனுக்குள் விளக்கை வைத்து ஒளியைப் பரப்பும் வகை கண்ணுக்கு மிக இதமானது. ஆனால் எங்கள் சோழகக் காற்றில் அது படும் பாட்டைப் பார்த்தவர்கள் மறுபடி கேட்க மாட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத துடிப்பு ஒன்றும் இருக்கிறது. சோக்கில் எரியும் மெற்றல் ஹலைட் விளக்கு விநாடிக்கு 100 தரம் மங்கி எழுகிறது. மலிவான டிரைவர் (விளக்குக்கு மின் ஊட்டும் கருவி) பூட்டிய எல்.ஈ.டி.யும் அப்படித்தான். சுழலும் வாள் பற்களின் வேகம் இந்தத் துடிப்போடு ஒத்துப்போனால், ஓடுகிற வாள் நிற்பது போலத் தோன்றும். பலகை அறுக்கும் ஓடாவிமாருக்கு இதைவிட ஆபத்தான மாயை வேறில்லை. நல்ல டிரைவர் பூட்டிய விளக்கில் இது இராது. கைத்தொலைபேசிக் கமராவை விளக்குக்கு நேரே பிடித்தால் கறுத்த வரிகள் ஓடுகின்றனவா என்று பார்க்கலாம். செலவில்லாத சோதனை இது.

கரையோரத் தளங்களுக்கு வேறு கவலை. குருநகரிலும் மயிலிட்டியிலும் உப்புக் காற்றில் நிற்கும் எல்.ஈ.டி. விளக்கின் அலுமினியச் செதில்கள் வெள்ளை பூத்து, இணைப்பு முனைகள் பச்சை பிடிக்கின்றன. மெற்றல் ஹலைட் குமிழோ சோக்கோ பழுதானால் நகரத்துக் கடையில் வாங்கி அன்றைக்கே மாற்றலாம், எல்.ஈ.டி. டிரைவர் பழுதானால் பெரும்பாலும் கொழும்பிலிருந்துதான் வர வேண்டும், அதுவரை அந்த விளக்கு முழுவதும் இருட்டு. 50,000 மணித்தியால ஆயுள் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது ஒளி உமிழும் சிறு சிப்புக்குத்தான். அதற்கு மின் ஊட்டும் டிரைவருக்கல்ல. ஆகவே விளக்குகளோடு மேலதிகமாக இரண்டு டிரைவர்களையும் சேர்த்து வாங்கி வைக்காத வாடகைக்காரரிடம் கோபுரம் எடுக்காதிருப்பதே நல்லது.

டீசல் குறைவாக எரிவதில் பணத்தைத் தவிர வேறொரு நன்மையும் உண்டு. நமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் தேங்கும் மழைநீரையே கிணறுகளில் அள்ளிக் குடிக்கிறோம். சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றி எழுந்த கவலை இன்னும் நம் நினைவில் இருக்கிறது. இரவில் கலன்களைச் சாய்த்து டீசல் ஊற்றும்போது சிந்துவது கல்லிடுக்குகளில் எங்கே போகிறது என்று எவரும் பார்ப்பதில்லை. பெட்டியின் அடியில் சிந்துவதைத் தாங்கும் தட்டு இல்லாத கோபுரத்தைத் தளத்துக்குள்ளேயே விடக்கூடாது என்பது என் கருத்து. இரவுக்கு 20 லீற்றருக்குப் பதில் 6 லீற்றர் ஊற்றினால் சிந்துவதும் குறையும்.

சூரிய ஒளியில் மின்கலம் ஏற்றி எரியும் கோபுரங்களைப் பற்றிச் சிலர் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். நான்கு 150 வாற் விளக்குகள் பத்து மணித்தியாலம் எரிய 6 கிலோவாற் மணி வேண்டும். ஒன்றரைக் கிலோவாற் சூரியத் தகடு நல்ல வெயிலில் நான்கைந்து மணித்தியாலங்களில் அதைச் சேர்த்துத் தரும். மாசியிலிருந்து ஆவணி வரை குழாய் பதிப்புக்கும் போக்குவரத்துக் காவலுக்கும் இது போதும். இரைச்சலும் இல்லை, அயல் வீட்டார் நிம்மதியாக உறங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று நாள் மூட்டம் போட்டால் போதாது. எழுவைதீவின் சிறு மின்கட்டமைப்பில் சூரிய ஒளியோடும் காற்றோடும் டீசலையும் சேர்த்து வைத்திருப்பது போல, இங்கேயும் சிறிய இயந்திரம் ஒன்று துணைக்கு இருந்தாக வேண்டும். விரித்த தகடுகள் காற்றில் பாய்போல இழுக்கும் என்பதால் தாங்குகால்களை முழுவதும் நீட்டியே நிறுத்த வேண்டும். தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று பார்த்த பிறகே எந்தத் தூணையும் உயர்த்த வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைப்பேன், ஆனால் பார்க்காமல் உயர்த்தியவர்களை எனக்குத் தெரியும்.

எனவே உள்ளூராட்சி சபைகளும் வீதித் திணைக்களங்களும் தங்கள் கேள்விப் (டெண்டர்) பத்திரங்களில் "4 × 1000 வாற் அல்லது அதற்கு ஈடானது" என்று பல ஆண்டுகளாக நகலெடுத்து வரும் வரியை நீக்கிவிட்டு, வேலை நடக்கும் நிலத்தில் இத்தனை லக்ஸ், மணிக்கு இத்தனை லீற்றருக்கு மேற்படாத டீசல், விளக்குச் சுமை இயந்திரத்தின் கொள்ளளவில் மூன்றில் ஒன்றுக்குக் குறையாமை என்று எழுத வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். அளவைப் பரிசோதிக்கத் தேவையான லக்ஸ் மானியின் விலை, ஒரு கோபுரத்தின் சில நாள் வாடகையிலும் குறைவு. தொழில்நுட்ப உத்தியோகத்தர் முதல் இரவு தளத்துக்குப் போய் நான்கு மூலைகளிலும் நடுவிலும் அளந்து பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். வாகனச் சாரதியின் இருக்கை உயரத்திலிருந்து ஒரு தரம் கோபுரத்தைப் பார்த்துவிடுவதும் அதே நடையில் முடிந்துவிடும்.

கழற்றப்படும் பழைய மெற்றல் ஹலைட் குமிழ்களைப் பற்றியும் சபைகள் இப்போதே யோசிக்க வேண்டும். அவற்றுக்குள் பாதரசம் இருக்கிறது. கடந்த மாதம் எங்கள் ஒழுங்கை முனையில் குப்பை எடுக்க வந்த உழவு இயந்திரப் பெட்டியில், தேங்காய் மட்டைகளுக்கு இடையில் அத்தகைய குமிழ்கள் ஆறு கிடந்ததைக் கண்டேன். இரண்டு ஏற்கெனவே உடைந்திருந்தன. அவற்றைத் தனியே சேகரிக்க ஒவ்வொரு சபையின் களஞ்சியத்திலும் மூடியுள்ள ஒரு பெட்டியேனும் வைக்கப்படுமாயின் நன்று.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மின் மேற்பார்வையாளர் ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்.